அப்பாயி சொன்ன கணக்கு



தைப்பிங் வட்டாரத்தில் அண்மையில் ஓர் இளைஞன் நம்மைத் தேடி வந்தான். பிறந்தது இந்த மண்ணில். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். ஆனால் கையில் நீல அடையாளக் கார்டு இல்லை. பெற்றோர் கோயிலில் தாலி கட்டினார்களே தவிர, திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. தாயார் லயத்திலேயே பிறந்தவர். அவருக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. "உங்க பாட்டி எந்தத் தோட்டம்? உங்கம்மா பிறந்தது எந்த வருசம்?" என்று கேட்டோம். "தெரியாதுங்க. பாட்டி செத்துப் போச்சு" என்று தலை குனிந்தான்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நம் அப்பாயியின் நினைவு வந்தது.

அப்பாயி முசிறிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். 1937ல், பதினைந்து வயதில், கங்காணியோடு வந்த கூட்டத்தில் சேர்ந்து நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். மறு வருடமே, 1938ல், இந்திய அரசாங்கம் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. "ஒரு வருசம் தாமசிச்சிருந்தா ஊர்லயே எருமை மேய்ச்சிக்கிட்டு இருந்திருப்பேன்" என்று சிரிப்பார்.

தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன் பிரட்டு. தலையில் விளக்கு, கையில் உளி, தோளில் காண்டா வாளி. ஆண் வெட்டுவதும் அதே மரம், பெண் வெட்டுவதும் அதே மரம். கூலி மட்டும் பெண்ணுக்குக் குறைவு. தைப்பிங் மழையைப் பற்றி நாம் சொல்லவா வேண்டும்? மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அதனால் அப்பாயி லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை போட்டார். இரண்டு கறவை மாடு, ஒரு பாத்தி கீரை, வேலியோரம் முருங்கை. பால்காட்டு வேலை முடிந்ததும் புல்லுக் கட்டு. பகலெல்லாம் மரத்துப் பால், மாலையில் மாட்டுப் பால்.

ஜப்பான்காரன் வந்தான். 1943ல் தாத்தாவைச் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை. அந்த வருடம் அக்டோபரில் இரண்டு முனையும் இணைந்தன. போன நம் மக்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் மடிந்தார்கள். தாத்தா திரும்பவில்லை. செத்தார் என்று ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. லயத்துக் கிழவிகள் பொட்டை அழிக்கச் சொன்னபோது அப்பாயி மறுத்துவிட்டார். "சேதியே வரலியே. வராத சேதிக்கு நான் ஏன் பொட்ட அழிக்கணும்?" 1996ல் கண்ணை மூடும்வரை அந்தப் பொட்டு நெற்றியில் இருந்தது.

1948ல் அவசரகாலம் வந்தது. எல்லாருக்கும் அடையாளக் கார்டு போட்டார்கள். எழுத வந்தவர் "வயசு என்ன?" என்று கேட்டார். அப்பாயி யோசிப்பதற்குள், வெயிலில் கறுத்த முகத்தைப் பார்த்து மூன்று வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. பெருவிரல் ரேகை வைத்தார். அந்த மூன்று வயது பிற்பாடு என்ன செய்தது தெரியுமா? 1974ல் காகிதப்படி ஐம்பத்தைந்து ஆகிவிட்டதென்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உண்மை வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடக் கூலி போயிற்று. வேலை போனதும் லயத்து வீடும் போயிற்று. மாட்டை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வெளியே ஒரு புறம்போக்குக் குடிசைக்குப் போனார்.

எழுத்து தெரியாத அந்த அப்பாயிக்கு ஒரு கணக்கு மட்டும் அத்துப்படி. லயத்தில் பிரசவம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். தேதியால் அல்ல, நடப்பால். "ஜப்பான்காரன் வந்த வருசம், மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாளு." "லயத்தச் சுத்திக் கம்பி வேலி போட்டாங்களே, அப்ப." "மெர்டேக்கா கொடி ஏத்துன மாசம்." அப்பா தோட்டப் பள்ளியில் படித்தவர். ஒரு பழைய கொப்பியில் இதையெல்லாம் எழுதிவைத்தார். "எழுதிக்கோ சாமி, எனக்கப்புறம் யாரு சொல்லுவா?" என்று அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாராம்.

1969ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் நம்மவர்கள் மூட்டை கட்டினார்கள். 'ரஜூலா'விலேயே திரும்பியவர்களும் உண்டு. அப்போது நம் லயத்தார் அந்தக் கொப்பியைத் தேடி வந்தார்கள். கொப்பி சட்டப்படி சாட்சி ஆகாதுதான். ஆனால் எந்த வருடத்துப் பதிவேட்டைப் புரட்டுவது, எந்தச் செக்ரோலைக் கேட்பது, யாரைச் சாட்சிக்கு அழைப்பது என்று வழி காட்டியது. அதை வைத்துச் சில குடும்பங்கள் இங்கேயே நின்றன. தன் வயதைக் காகிதத்தில் தொலைத்தவர், ஊரார் பிள்ளைகளின் வயதைக் காப்பாற்றினார்.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தில் கோயில் மட்டும் இருக்கிறது. 2013ல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. 2025ல் அது 1,700 வெள்ளி ஆனது. நல்லதுதான். ஆனால் காகிதம் இல்லாதவனுக்கு எந்தச் சட்டத்தின் பலனும் முழுசாகக் கைக்கு எட்டுவதில்லை. இதைத்தான் அந்த இளைஞனின் முகத்தில் கண்டோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதான பாட்டி, தாத்தா இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். பிறந்த ஊர், தகப்பன் பெயர், கப்பல் ஏறிய வருடம், வேலை செய்த தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், பிள்ளைகள் பிறந்த காலம், பிரசவம் பார்த்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்றும் குறியுங்கள். பழைய செக்ரோல் துண்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பிள்ளை பிறந்தால் தள்ளிப்போடாமல் உடனே பதியுங்கள்.

அந்த இளைஞனின் பாட்டியோடு வேலை செய்த ஒரு மூதாட்டி கமுண்டிங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஞாபகம் கொஞ்சம் மங்கிவிட்டதாம். வரும் ஞாயிறு ஒரு புதுக் கொப்பியோடு அவரைப் பார்க்கப் போகிறோம். நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?