கொழும்பு மாநகரிற் கல்லும் கட்டடமும்

கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும் எம் பகுதி மாணவர் காண்பன பெரும்பாலும் மூன்றே: மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், புறக்கோட்டைக் கடைவீதி. அவர்களை அழைத்துச் சென்ற யாமும் பல ஆண்டுகள் அவ்வளவோடு திரும்பினோம். கல்வெட்டுத் தமிழைக் கரும்பலகையிலே கற்பித்துவிட்டு, கல்லைக் காட்டாது வந்தமை தமிழாசிரியராகிய எமக்குப் பெருமை தருவதன்று. ஆகவே, சென்ற பயணத்தில் வழியை மாற்றினோம்.

முதலிற் புகுந்தது நூதனசாலை. தேசாதிபதி கிரகரி முயன்று அமைத்து, 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்த வெண்ணிற மாளிகை அது. வரைந்தவர் சிமிதர், கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன். திறப்பு நாளில் வேண்டும் பரிசு யாதென வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தலே போதுமென அவர் விடையிறுத்தார் என்பது செவிவழிச் செய்தி. நெடுங்காலம் அது வெள்ளிதோறும் மூடியிருந்தது மட்டும் உண்மை. எம் வகுப்பிற் பயிலும் கல்முனைப் பிள்ளைகள் இதனைக் கேட்டு அடைந்த மகிழ்ச்சியை ஈண்டு எழுத்தில் வடித்தல் அரிது.

உள்ளே நிற்பது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ கொணர்ந்த கல். அதிற் பொறித்த ஆண்டு 1409. உச்சியில் இரு பறவைநாகங்கள். வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதியோ தெவிநுவரையிற் கோவில்கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்குப் பொன் ஆயிரங் கழஞ்சும் வெள்ளி ஐயாயிரங் கழஞ்சும் பிறவும் அளித்தமையைக் கூறுகின்றது. அக்கோவிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். கல்லோ 1911இல், காலி நகரத்து வடிகாலொன்றின் மூடுகல்லாகக் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டது.

சீனர் தமிழில் எழுதுவானேன் என ஒரு மாணவன் வினவினான். இத்தீவின் துறைமுகங்களில் வணிகர் மொழியாகத் தமிழ் வழங்கியமையன்றி வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை. எழுத்துக்கள் தேய்ந்தமையால் இரண்டொரு சொற்களையே அவனாற் கூட்டி வாசிக்க முடிந்தது. அதற்கே அரைமணி நேரம் சென்றது. கடைவீதி செல்லும் நேரம் குறைந்ததென முணுமுணுத்தோரும் உளர்.

பின்னர்க் கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரங் கண்டோம். 1857இல் எழுந்த அது, பத்தாண்டின் பின் கலங்கரை விளக்கமுமாயிற்று. சூழ உயர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952இல் அவ்விளக்கு அணைந்தது. மாலையிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதி. தந்தையார் பொன்னம்பல முதலியார் தொடங்கிய கோவிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முற்றுங் கருங்கல்லாற் புதுக்கினார். வெளியே லொறிகளின் இரைச்சல். உள்ளே தூண்களிடையே குளிர்ந்த இருள். அங்கு எவரும் முணுமுணுக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் அதே மாணவன் எம்மிடம் வந்தான். திருக்கோவிற் சித்திர வேலாயுதர் ஆலயத்தில், விசயபாகு மன்னன் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு உண்டாமே, அது எங்கே உள்ளது எனக் கேட்டான். திருவிழாதோறும் அதனருகே நடந்தவன் அவன், நடந்தோர் யாமும். அன்று மாலையே இருவரும் சென்றோம்.