33 எழுதியவர் எதுவரை யோசித்தார்?

1997-ல் லண்டன் நாளேடான ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. யோசனை, பொருளியலாளர் ரிச்சர்ட் தேலருடையது. பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு முழு எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். வந்த எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு யாருடைய எண் மிக அருகில் வருகிறதோ, அவருக்கு அமெரிக்கா போய்வர இரண்டு பிசினஸ் கிளாஸ் டிக்கெட்.

எல்லாரும் வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் சராசரி 50 வரும். அப்போது 33 போடலாம். ‘எல்லாரும் இதையே யோசித்து 33 போட்டால்?’ என்று கேட்பவருக்கு 22. இன்னொரு படி இறங்கினால் 15. இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் பூஜ்யம். ஆட்டக் கோட்பாட்டின்படி ‘சரியான’ விடை அதுதான். வந்த சராசரியோ 18.91. வென்ற எண் 13. பூஜ்யம் எழுதிய மேதாவிகளுக்கு டிக்கெட் இல்லை.

யார் எழுதினார், என்ன படித்தவர் என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. எந்த எண்ணுக்கு எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் வரைந்து பார்த்தால் 33-ல் ஒரு மேடு, 22-ல் ஒரு மேடு. ரோஸ்மேரி நாகெல் ஜெர்மனியில் மாணவர்களை வைத்து நடத்தி, 1995-ல் வெளியிட்ட சோதனையிலும் இவ்விரு எண்களை ஒட்டியே கூட்டம். எல்லாரும் ஒரே அளவு யோசித்து, கணக்குப் பிசகால் மட்டும் எண்கள் சிதறியிருந்தால் ஒரு மேடுதான் எழுந்திருக்கும். யோசனையின் ஆழம் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் மேடுகள் பலவாகின்றன. ஆய்வாளர்கள் காமரர், ஹோ, சோங் மூவரும் 2004-ல் பல ஆட்டங்களின் முடிவுகளைப் பொருத்திப் பார்த்து, மனிதர்கள் சராசரியாக ஒன்றரைப் படிதான் இறங்குகிறார்கள் என்றார்கள்.

ஆனால் 33 எழுதியவர் அதற்குமேல் யோசிக்க முடியாதவரா, மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள் என்று எடைபோட்டவரா? மேடு இரண்டு பேரையும் ஒன்றாகவே காட்டும். 13 எழுதியவர் பூஜ்யம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவராகவும் இருக்கலாம். ‘இத்தனை சதவீதம் பேர் இரண்டாம் படிக்காரர்கள்’ என்று அடித்துச் சொல்லும் ஆய்வுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டால் சிறிது வெளிச்சம் கிடைக்கும். ஸ்வீடனில் 2007-ல் ‘லிம்போ’ என்ற லாட்டரி வந்தது. 1 முதல் 99,999 வரையில், வேறு யாரும் எழுதாத மிகச் சிறிய எண்ணுக்குப் பரிசு. தினமும் சுமார் 50 ஆயிரம் பேர் ஆடினார்கள். முதலில் சின்ன எண்களில் ஒரே நெரிசல். ஏழு வாரங்களுக்குள் எண்களின் பரவல் கோட்பாடு சொன்னதை நெருங்கிவிட்டது. அதற்குள் யாருக்கும் மூளை வளர்ந்திருக்காது. முந்தைய நாட்களில் வென்ற எண்கள்தான் அவர்கள் கண்ணெதிரே இருந்தன.