உள்ளங்கையில் ஓர் அச்சுக்கூடம்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை)

காலையில் எழுந்ததும் நம்மில் எத்தனை பேர் செய்தித்தாளைப் புரட்டுகிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் வகுப்புக்கு நாலு பேர் தேறினாலே அதிகம். ஆனால் செய்தி தெரியாதவர் யாருமில்லை. பல் துலக்குவதற்குள் செல்போனில் செய்தி வந்து நிற்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது? இதனால் நம் தலையில் என்ன பொறுப்பு ஏறியிருக்கிறது? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஈயத்திலிருந்து ஒளிக்கு

பத்திரிகைக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. சி.பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யை 1942இல் தொடங்கியது இதே மதுரையில்தான். அன்று செய்தி என்றால் ஈய எழுத்து. அச்சுக்கோப்பவர் நின்றுகொண்டே, அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரி சேர்ப்பார். தமிழுக்கு எழுத்து வடிவங்கள் அதிகம், அறைகளும் அதிகம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, தும்பிக்கை வைத்த பழைய ணை, லை, னை போன்றவை போயின. அவர் சுமையும் கொஞ்சம் குறைந்தது.

அடுத்தது நம் துறையின் வேலை. 1969இல் 'தி இந்து' நாளிதழ் பேக்சிமிலி முறையைக் கொண்டுவந்தது. முடித்த பக்கத்தை வரி வரியாக ஒளியால் வருடி, மின் சைகையாக்கி, வெளியூருக்கு அனுப்புவார்கள். அங்கே பிலிமில் பதிந்து, பிளேட் எடுத்து, அச்சடிப்பார்கள். காகிதக் கட்டு பயணம் செய்த இடத்தில் சைகை பயணம் செய்தது! 1986இல் அதையே செயற்கைக்கோள் வழியாக அனுப்பினார்கள். 1995இல் அந்த இதழ் இணையத்திலும் ஏறியது.

ஆனால் தமிழுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு! ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொது விசைப்பலகை முடிவானது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. உசிலம்பட்டியில் அடித்த வரி டொராண்டோவில் அப்படியே தெரிவதற்கு, எல்லாக் கருவிகளும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண்ணை வைத்திருப்பதுதான் காரணம்.

வரிசை மாறிப்போச்சு!

முன்பு மேலூர் நிருபர் செய்தியைக் கவரில் போட்டு மதுரை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். உதவி ஆசிரியர் திருத்துவார். பிழை திருத்துபவர் படிப்பார். மூன்று பேர் கண்ணுக்குத் தப்பினால்தான் தப்பு அச்சேறும். இன்று முதலில் வெளியீடு, பிறகுதான் விசாரணை. பல நேரம் அந்த விசாரணையும் கிடையாது.

இதில் நன்மை இல்லையா? நிறைய உண்டு. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் இளைஞர்கள் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்ததைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனதில் பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டு மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி, கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் யூடியூப் வழியே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய முதலாளி இல்லாமலே உண்மையை ஊருக்குச் சொல்ல முடிகிறது.

ஆனால் பொய்க்கும் அதே வழிதான். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைக் கூட்டம் அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தே போனார். அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. இப்படிப்பட்ட பல சாவுகளுக்குப் பிறகு!

என் கதை

ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவக் கூடாது. முதலாண்டு படிக்கும்போது ஒரு மழை நாள் ராத்திரி, "வைகை அணையைத் திறந்துட்டாங்க, ரெண்டு மணி நேரத்துல தண்ணி ஊருக்குள்ள வரும்" என்று படத்தோடு ஒரு செய்தி வந்தது. நல்லது செய்வதாக நினைத்து எங்கள் தெருக் குழுவுக்குத் தட்டிவிட்டேன். ஆற்றோரம் குடியிருக்கும் பெரியம்மா சினை மாட்டை ஓட்டிக்கொண்டு இருட்டில் மேட்டுத் தெருவுக்குக் கிளம்பினார். சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தண்ணீர்? வரவே இல்லை. படம் வேறு ஏதோ அணை.

அப்பா திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அணை எத்தனை அடின்னு பாத்தியாடா?"

அவர் விவசாயி. வைகை அணை 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது எச்சரிக்கை விட்டு உபரி நீரைத் திறப்பார்கள். அன்று அணையில் 60 அடிகூட இல்லை. பேப்பரில் தினமும் வருகிற கணக்கு! நான் பார்க்கவில்லை.

நண்பர்களே, பத்திரிகைத் தொழில் என்பது அப்பாவின் அந்த ஒரு கேள்விதான். ஈய எழுத்து போனாலும் அது போகவில்லை. அச்சுக்கூடம் நம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. திருத்துபவர் மட்டும் கூட வரவில்லை. அந்த வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். யார் சொன்னது? எப்போது எடுத்த படம்? யாரைக் கேட்டால் உறுதியாகத் தெரியும்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு விரலை வையுங்கள்.

மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனாலும் பெரியம்மா என்னைப் பார்த்தால் இன்னமும், "என்னய்யா, இன்னைக்கு அணை எத்தனை அடி?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நான் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.