வீட்டுக் கம்ப்யூட்டரின் உலாவியில் நேரும் வேண்டாத மாறுதல்களும் அவற்றை நீக்கும் முறையும்

காஞ்சிபுரம் ஜில்லாவில் நிலமுள்ள குடும்பங்கள் பலவற்றில் கம்ப்யூட்டரும் இப்பொழுது ஒரு வீட்டுச் சாமானாகிவிட்டது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு இவற்றைப் பார்ப்பதற்கும், வில்லங்க விவரம் தேடுவதற்கும், பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்திற்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயின் நிலையை அறிவதற்கும் தாலுகா ஆபீஸுக்கு அலையவேண்டிய அவசியம் வெகுவாய்க் குறைந்திருக்கிறது. இவ்வேலைகள் யாவும் உலாவி என்னும் செயலியின் வழியாகவே நடைபெறுவதால், அவ்வுலாவி பிறர் வசப்படுமாயின் விளையும் நஷ்டம் சிறிதன்று.

இதன் அறிகுறிகள் வெளிப்படையானவை. உலாவியைத் திறந்தவுடன் வழக்கமான முகப்புப் பக்கத்திற்குப் பதிலாக முன்பின் அறியாத பக்கம் தோன்றும். ஒரு சொல்லைத் தேடினால் வேறொரு தேடுபொறி விடை கூறும். திரையின் மூலையில் வைரஸ் புகுந்துவிட்டதாகப் பயமுறுத்தும் அறிவிப்புகள் ஓயாமல் வரும். இவற்றை வெறுந் தொல்லையென்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர், அது தவறு. 'பட்டா' என்று தேடுபவருக்குச் சர்க்கார் தளத்தைப் போன்றே அமைந்த போலிப் பக்கம் முதலில் காட்டப்படலாம். அவர் ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் அதில் கொடுத்துவிடக்கூடும். சர்க்கார் தளத்தின் பெயர் ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என் என்னும் எழுத்துக்களில் முடிகிறதா என்பதை முகவரிப் பட்டையில் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

2017-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்புக் கம்பெனி, 'பயர்பால்' என்று பெயரிடப்பட்ட இத்தகைய செயலியைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகமெங்கும் 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருப்பதாகவும், இந்தியாவில் மட்டும் சுமார் 2 கோடியே 53 லட்சம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. இத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியார் மறுத்தனர். தொகை எதுவாயினும், அது புகுந்த வழியே கவனிக்கத்தக்கது. இலவசமாகக் கிடைக்கும் வேறு செயலிகளுடன் ஒட்டிக்கொண்டு வந்து, முகப்பையும் தேடுபொறியையும் அது மாற்றிற்று. அதன் போலித் தேடுபொறிகளோ கேள்வியை யாஹூவுக்கோ கூகிளுக்கோ அனுப்பி விடை வாங்கித் தந்தன. விடை சரியாகவே வந்தபடியால் உடையவர் சந்தேகிக்க இடமில்லை.

பட்டா நகல் பி.டி.எப். வடிவில் வருவதால் அதைத் திறக்க இலவசச் செயலி தேடி, 'அடுத்து, அடுத்து' என்று படியாமலே அழுத்திச் செல்வோர் இவ்வலையில் எளிதில் விழுவர். உண்மையில் உலாவியே அந்நகலைத் திறக்கவல்லது. வேறு செயலி அவசியமே இல்லை.

பரிகாரத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை, மாறிய முகப்பை மட்டும் திருத்திவிட்டு ஓய்ந்திருப்பதாகும். மறுநாளே அது பழையபடி மாறிவிடும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஜக்கார்டு தறியில் கரையின் கொடி தவறாக விழுந்தால், விழுந்த இழையை மட்டும் சரிப்படுத்துவதில் பயனில்லை; அட்டைகளின் வரிசையில் மாறிய அட்டையைத் தேடி எடுத்தல் வேண்டும். இங்கும் மாற்றுகின்ற பொருளை முதலில் நீக்குக. மாறியதைப் பின்னர்த் திருத்துக.

ஆகையால் முதற்கண் விண்டோஸின் அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த அறியாத செயலிகளை அகற்றுதல் வேண்டும். அடுத்து, குரோம் உலாவியின் மேல் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்டிப்புகளைப் பார்த்து, வீட்டார் ஒருவரும் வேண்டிச் சேர்க்காதவற்றை நீக்குக. மூலையில் தோன்றும் அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளத்தில் 'அனுமதி' என்பதை அழுத்தியதன் பலன். தள அமைப்புகளில் அவ்வனுமதியை ரத்துசெய்தால் நின்றுவிடும். இவற்றிற்குப் பின்னரே தேடுபொறியையும் முகப்பையும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவிலும் தீராவிடில், அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் உண்டு. பயர்பாக்ஸில் அதற்கு 'ரிப்ரெஷ்' என்று பெயர். குரோமில் இவ்வாறு மீட்பதனால் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியா. ஆனால் நீட்டிப்புகள் நிறுத்தப்படும், தளங்களில் மறுபடி உள்நுழைய நேரிடும். குரோமிலேயே முன்பு இருந்த துப்புரவுக் கருவி 2023-இல் எடுக்கப்பட்டுவிட்டதாகையால், பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேடுவது வீண். விண்டோஸுடன் வரும் டிபெண்டரைக்கொண்டு முழுச் சோதனை செய்வது நலம்.

இன்னும் இரண்டு ஒளிவிடங்கள் உள. உலாவியின் சின்னத்தை வலப்பொத்தானால் அழுத்தி அதன் விவரங்களைப் பார்த்தால், 'டார்கெட்' என்னும் வரியின் இறுதியில் சில சமயம் ஓர் இணைய முகவரி ஒட்டியிருக்கும். அதை மட்டும் அழித்தல் வேண்டும். மற்றொன்று, ஒரே கூகிள் கணக்கை வெளியூரில் படிக்கும் பிள்ளையின் மடிக்கணினியிலும் உபயோகிப்பது. ஒத்திசைவு இருக்குமாயின் அங்குள்ள நீட்டிப்பு இங்கும் திரும்ப வந்து சேரும். இரண்டையும் ஒருங்கே சுத்தம் செய்க.

'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்னும் வாசகம் உலாவியில் தோன்றுவதும் உண்டு. சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இது சந்தேகத்திற்குரியது. எனினும் சில வைரஸ் தடுப்புச் செயலிகளும் இதற்குக் காரணமாகலாம். கிராம நிர்வாக அலுவலர் வசமுள்ள சர்க்கார் யந்திரத்தில் இலாகாவே வைத்த கட்டுப்பாடுகள் இருக்கக்கூடுமாதலால், அதில் தாமாகக் கைவையாமல் இலாகாவின் தொழில்நுட்பச் சிப்பந்திகளுக்குத் தெரிவிப்பதே முறை.

உலாவி மாறியிருந்த நாட்களில் பாங்குக் கணக்கை உபயோகித்திருந்தால், பாதிக்கப்படாத வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை உடனே மாற்றுதல் வேண்டும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், பாங்கிற்குத் தெரிவிப்பதோடு 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றித் தொலைபேசி செய்க. பணம் கைமாறிச் செல்லுமுன் அதை நிறுத்திவைக்க முடிவது புகார் எவ்வளவு விரைவில் சேருகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.