தாயின் பக்கமா, சேயின் பக்கமா?



தாதித் தொழிலை நாடும் இளம் பெண்கள் பலர், தாய் சேய் நலத் துறையிலே சிறப்புத் தேர்ச்சி பெற விரும்புகின்றனர். அவர்கள் முன்னே இரு வழிகள் உள்ளன. பிரசவத்திலே தாய்க்குத் துணைநிற்கும் மருத்துவ மாதின் பணி ஒன்று. குறைமாதத்திற் பிறந்த சிசுக்களையும் நோயுற்ற சிசுக்களையும் பேணும் தாதியின் பணி மற்றொன்று. "எனக்குக் குழந்தைகள் என்றால் விருப்பம், எதுவாயினும் சரியே" என்று சொல்வோரும் உளர். ஆயினும், இவ்விரு பணிகளும் வேண்டிநிற்கும் மனப்பாங்கு ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நம் நாட்டிலே மருத்துவ மாதரின் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1926இற் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டபின், பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு தேடிச் சென்று கருப்பிணிகளைப் பார்வையிடும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935ஆம் ஆண்டிலே, ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை சில பத்துகளுக்குள் அடங்கிவிட்டது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண் கல்வி ஆகியன இதற்கு உதவின என்பது உண்மையே. எனினும், ஊர்தோறும் நடந்து திரிந்த மருத்துவ மாதர் இன்றேல் இது கைகூடியிராது.

தாய்மாரின் மரணம் இவ்வாறு குறைந்தபின், எஞ்சிய துயரம் வேறோரிடத்தில் தென்படுகின்றது. ஒரு வயது நிறையுமுன் இறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலானவை, பிறந்து 28 நாள்களுக்குள்ளேயே இறக்கின்றன. சிசுப் பராமரிப்பு ஒரு தனித்துறையாக வளர்ந்தமைக்கு இது முக்கிய காரணமாகும்.

இனி, இரு பணிகளின் இயல்பையும் நோக்குவோம்.

மருத்துவ மாது பெரும்பாலும் நோயாளியைக் காண்பதில்லை. நலமுள்ள ஒரு பெண்ணையே காண்கிறாள். பிரசவம் இயற்கையான நிகழ்ச்சி. அது தன் வழியிற் செல்லும்வரை பொறுமையோடு காத்திருப்பதும், வழி தவறிய கணத்திலே அதனை உணர்வதும் அவளது கடமைகள். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றது, கருப்பையின் வாய் எவ்வளவு விரிந்துள்ளது, சிசுவின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் உள்ளதா என்பனவற்றை அவள் நேரந்தவறாது வரைபடத்திற் குறித்து வருகிறாள். குழந்தை பிறந்ததும் அபாயம் நீங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. நஞ்சுக்கொடி வெளிப்பட்ட பின்னர் கருப்பை இறுகாது தளர்ந்திருந்தால், சில நிமிடங்களுக்குள் உயிருக்கே ஆபத்தான இரத்தப்பெருக்கு ஏற்படலாம். அவ்வேளையிலே அவளுடைய கையும் குரலும் தடுமாறலாகாது. ஊர்ப்புறத்திற் பணிபுரியும் மருத்துவ மாதுக்கோ ஏறத்தாழ 3000 மக்கள் பொறுப்பாவர். அவள் குடும்பங்களின் நம்பிக்கையையும் பெறவேண்டியவள்.

சிசுத் தாதியின் உலகம் இதனின் வேறானது. அவள் பேணுவது சில வேளைகளில் ஒரு கிலோ கிராம் எடைகூட இல்லாத உயிரை. அதற்குப் பேசத் தெரியாது. உரக்க அழவும் வலுவிராது. நிறம் சற்று மாறுதல், மூச்சு இடையிடையே நிற்றல், பால் சீரணியாமை போன்ற சிறு குறிகளே அதன் மொழியாகும். உடல் வெப்பநிலை 36.5 பாகை செல்சியசுக்குக் குறைந்தாலே தீங்கு தொடங்கும். தாய்ப்பாலை ஓரிரு மில்லிலீற்றராகக் குழாய்வழி ஊட்டவேண்டி வரும். மருந்தின் அளவிலே தசமப் புள்ளி ஓரிடம் பிசகினால், பத்து மடங்கு மருந்து உட்சென்றுவிடும்.

நன்மை செய்யும் பொருளும் அளவு மிஞ்சினால் தீங்காகும் என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் குறைமாதச் சிசுக்களுக்குப் பிராணவாயு தாராளமாக அளிக்கப்பட்டது. அதனாற் பிழைத்த குழந்தைகளுட் பலர் பார்வை இழந்தனர். மிகையான பிராணவாயுவே விழித்திரையைச் சிதைத்தது என்பது பின்னரே நிறுவப்பட்டது. ஆகவே இன்று பிராணவாயுவின் அளவை இடையறாது கண்காணிப்பது தாதியின் தலையாய வேலைகளுள் ஒன்றாயிற்று.

மேலும், சிசுத் தாதி பிள்ளையை மட்டும் பேணுபவளல்லள். கண்ணாடிப் பேழைக்கு வெளியே கலங்கி நிற்கும் தாயையும் அவள் தேற்றுகிறாள். 1978ஆம் ஆண்டிலே கொலம்பியாவின் பொகோட்டா நகரிலே, பேழைகள் போதாத நிலையில், சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறை தொடங்கப்பட்டது. இன்று அதனை உலக சுகாதார நிறுவனமும் விதந்துரைக்கின்றது. அம்முறைக்குத் தாயைப் பழக்குவதும் தாதியே.

இவ்விருவரும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. அது பிறப்பின் முதல் நிமிடம். மூச்செடுக்காத சிசுவைத் துடைத்துத் தூண்டியும் பயனில்லையாயின், அந்த ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்துக் காற்றூட்டத் தொடங்கவேண்டும். ஆகையால், எவ்வழியைத் தெரிந்தாலும் மற்றைய வழியின் அடிப்படையையும் கற்றேயாகவேண்டும்.

பயிற்சிக்குள் நுழையும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையிலே, தாதியர் பயிற்சி பெறாமலே மருத்துவ மாதர் பயிற்சியிற் சேரலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, இரு துறைகளிலும் உயர் தேர்ச்சி பெற விரும்பும் தாதியர் பட்டமேற்படிப்பை முடித்துத் தகுதிச் சோதனையிலும் சித்தியடைதல் வேண்டும். சிசுத் துறைக்கு முன்னதாக இரண்டாண்டு தீவிர சிகிச்சை அனுபவமும் எதிர்பார்க்கப்படுகின்றது. அனுபவம் முந்தி, தெரிவு பிந்தி என்னும் அவ்வொழுங்கு நமக்கும் ஏற்றதே.

எனவே, தெரிவு செய்யுமுன் இரு விடுதிகளிலும் சில வாரங்களாவது பணியாற்றிப் பாருங்கள். இரவு முழுவதும் ஒரு பெண்ணின் அருகிருந்து, அவசரப்படாமல் காத்திருக்க உங்களால் இயலுமா? திடீரென நேரும் ஆபத்திலே தனித்து நின்று முடிவெடுக்க இயலுமா? ஆம் எனின், பிரசவ அறை உங்களை அழைக்கின்றது. நுண்ணிய அளவுகளை மணிக்கணக்காகச் சலிப்பின்றி நோக்க இயலுமா? பல வாரம் பேணிய சிசுவை இழக்க நேரினும், அடுத்த பேழைக்கு அதே கவனத்தோடு செல்ல இயலுமா? ஆம் எனின், சிசுப் பராமரிப்பே உங்கள் துறை.

சம்பளத்தையும் வீட்டுக்கு அண்மையான இடத்தையும் எண்ணிப் பார்ப்பது தவறன்று. பெற்றோர் அவற்றையே முதலிற் கேட்பர். ஆயினும், தன் இயல்புக்கு ஒவ்வாத விடுதியிலே நிற்பவளின் கவனம் நாளடைவிற் குன்றும். அக்குறையின் பலனைத் தாயோ சேயோ அனுபவிக்க நேரும். ஆதலால், பெற்றோரும் தம் மகளிடம் ஊதியத்தைப் பற்றிக் கேட்பதோடு, எந்த விடுதியில் அவள் மனம் ஊன்றி நிற்கின்றது என்பதையும் கேட்டறிதல் நன்று.