அலிப்பூர்ச் சிறையும் அராபிய ஒற்றுமையும்

கல்கத்தாவில் அலிப்பூர் மத்திய சிறை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1921 டிசம்பரில் கைதான மௌலானா அபுல் கலாம் ஆசாத், சித்தரஞ்சன் தாஸ், சுபாஷ் சந்திர போஸ் ஆகியோருடன் அங்கே வைக்கப்பட்டிருந்தார். ஆசாத் 1888இல் மெக்காவில் பிறந்தவர். இளமையில் ஈராக், எகிப்து, சிரியா முதலிய நாடுகளில் பிரயாணம் செய்தார். இந்திய முஸ்லிம்கள் விடுதலை இயக்கத்தில் ஒதுங்கி நிற்பது ஏன் என்று அங்கிருந்த தேசியவாதிகள் வியந்தனர். அவ்வியப்பு அவர் உள்ளத்தைத் தைத்தது. 1912இல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய ‘அல் ஹிலால்’ என்னும் உருதுப் பத்திரிகை அதற்கு விடையாயிற்று.

முதல் உலகப் போருக்குப்பின் அராபிய நிலங்களைப் பிரிட்டனும் பிரான்ஸும் பங்கிட்டுக்கொண்டன. அந்நியர் வரைந்த எல்லைகளை அழித்து ஒன்றாக வேண்டுமென்ற வேட்கை அங்கே வளர்ந்தது. 1945இல் கெய்ரோவில் அரபு லீக் தோன்றியது. சூயஸ் கால்வாயை 1956இல் தேசியமயமாக்கிய எகிப்தின் தலைவர் நாஸர், அராபிய மக்களின் நம்பிக்கையானார். எகிப்தும் சிரியாவும் இணைந்து, 1958 பிப்ரவரி 22ஆம் நாள் ஐக்கிய அரபுக் குடியரசாயின. அதே நாளில் டில்லியில் ஆசாத் காலமானார்.

அவ்விணைப்பு மூன்றரை ஆண்டே நிலைத்தது. சிரியாவில் கட்சிகள் கலைக்கப்பட்டன. அதிகாரம் கெய்ரோவில் குவிந்தது. டமாஸ்கஸ் தன் குரலை இழந்ததாக உணர்ந்தது. 1961 செப்டம்பர் 28ஆம் நாள் சிரியாவின் ராணுவ அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து, நாட்டைப் பிரித்துக்கொண்டனர்.

இந்தியப் பிரிவினையை எதிர்த்துத் தோற்ற ஆசாத்தும் இத்துயரை அறிந்தவரே. அந்நியனை எதிர்த்து ஒன்றுகூடுவது எளிது; அவன் சென்றபின் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதே அரிது.