விழுந்த இடமும் பிழை பிறந்த இடமும்

வளிமண்டலத்தை இலட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவை அடுத்த சில விநாடிகளில் எப்படி மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளின் வழியே கணக்கிட்டுக்கொண்டே செல்லும் மென்பொருளை வானிலை மாதிரி என்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் வேறு பல நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரி, இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் வானிலை மையங்களிலும் லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது. பெரும்பகுதி ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட இந்த மாதிரி, வேலையைப் பல ப்ராசஸ்களுக்குப் பங்கிட்டு மணிக்கணக்கில் ஓடும். சில வேளைகளில் நடுவழியில் நின்றும் போகும். அப்போது திரையில் மிஞ்சுவது பெரும்பாலும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற ஒற்றை வரிதான். தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை நிரல் தொட முயன்றது, அதனால் லினக்ஸ் அதை நிறுத்தியது என்பதே அதன் பொருள். நிரல் விழுந்தது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. பிழை எங்கே பிறந்தது என்பதைத் தேடித்தான் கண்டறிய வேண்டும்.

தேடலின் முதல் கேள்வி, நிரல் தானாக விழுந்ததா, வெளியிலிருந்து நிறுத்தப்பட்டதா என்பது. இதற்கு விடை, நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணில் இருக்கிறது. லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல், நிரலை நிறுத்திய சமிக்ஞையின் எண்ணோடு 128ஐக் கூட்டித் தருவதால், 139 என்றால் 11ஆம் சமிக்ஞை, அதாவது மேற்சொன்ன நினைவகப் பிழை. 137 என்றால் 9ஆம் சமிக்ஞை, அதாவது நிரல் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது. சர்வரின் நினைவகம் தீர்ந்துபோகும்போது, மற்ற வேலைகளைக் காப்பாற்றுவதற்காக அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலை லினக்ஸ் கொல்வது வழக்கம். அந்தச் செய்தி மாதிரியின் பதிவில் இருக்காது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவில்தான் இருக்கும். வட்டு நிரம்பிவிடுவதும், ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்துவிடுவதும் இதே வகையைச் சேர்ந்த எளிய காரணங்கள்.

மாதிரி தொடங்கிய சில விநாடிகளிலேயே விழுந்தால், ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியை முதலில் ஐயப்பட வேண்டும். ஒரு துணைநிரல் ஓடும்போது அதற்குத் தற்காலிகமாகத் தேவைப்படும் எண்கள் வைக்கப்படும் இடம் அது. பல லினக்ஸ் அமைப்புகளில் அதன் இயல்பான எல்லை 8 மெகாபைட் மட்டுமே. ஃபோர்ட்ரான் நிரல்களோ பெரிய எண்வரிசைகளை அங்கேயே வைக்க முனைகின்றன. ‘யூலிமிட்’ கட்டளையால் அந்த எல்லையை நீக்கியதும் பல விழுகைகள் மறைந்துவிடுகின்றன. எல்லையைத் தலைமைக் கணினியில் மட்டும் நீக்கிவிட்டு, கணக்கீடு நடக்கும் மற்றக் கணினிகளில் நீக்க மறப்பதும் அடிக்கடி நேர்வது.

சில மணிநேரம் ஓடிய பின் விழும் மாதிரியின் கதை வேறு. டபிள்யூ.ஆர்.எஃப். தன் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ‘ஆர்.எஸ்.எல்.’ என்று தொடங்கும் தனிப் பதிவுக் கோப்பை எழுதுகிறது. 64 ப்ராசஸ்கள் ஓடினால் பிழைப் பதிவுகளும் 64 இருக்கும். அவற்றில் ஒன்று விழுந்தால் மற்ற அனைத்தும் அதனால் நிறுத்தப்படுவதால், பூஜ்ய எண் கொண்ட முதல் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது தவறு. 37ஆம் கோப்பில் மட்டும் உண்மை எழுதப்பட்டிருக்கலாம். அங்கே ‘இத்தனை புள்ளிகளில் சி.எஃப்.எல். 2ஐத் தாண்டியது’ என்ற வரியும், அதை அடுத்து, உச்ச மதிப்பு எந்தக் கட்டப்புள்ளியில், எந்த உயர அடுக்கில் ஏற்பட்டது என்பதும் இருந்தால், தேடல் பெருமளவு சுருங்கிவிடும்.

சி.எஃப்.எல். என்பது கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூன்று கணிதவியலாளர்களின் பெயர் முதலெழுத்துகள். ஒரு காலப்படிக்குள், அதாவது மாதிரி ஒரே தாவலில் கணக்கிடும் கால இடைவெளிக்குள், காற்றோ அலையோ கடக்கும் தொலைவு பெட்டியின் அகலத்தோடு ஒப்பிடுகையில் அளவுமீறினால், கணக்கு நிலைகுலைந்து எண்கள் கட்டின்றிப் பெருகும் என்ற வரம்பை அவர்கள் 1928ஆம் ஆண்டிலேயே, மின்னணுக் கணினிகள் தோன்றுவதற்கு முன்பே வகுத்துவிட்டார்கள். பெட்டியின் அகலத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 6ஆல் பெருக்கினால் வரும் விநாடிகளே காலப்படிக்குப் பொருத்தமான தொடக்க அளவு என்பது டபிள்யூ.ஆர்.எஃப். பயன்படுத்துவோரிடையே நிலைபெற்ற விதி; 10 கிலோமீட்டருக்கு 60 விநாடி, 3 கிலோமீட்டருக்கு 18 விநாடி. இமயம் போன்ற செங்குத்தான மலைகள் பரப்புக்குள் வரும்போது, சரிவில் மோதி மேலெழும் காற்றின் வேகம் கூடுவதால், இந்த அளவும் பொறுக்காமல் போகலாம். பதிவு சுட்டும் புள்ளி அப்படியொரு சரிவில் இருக்குமானால், காலப்படியைக் குறைப்பதும், நிலத்தின் மேடுபள்ளங்களைச் சற்று மென்மையாக்குவதும் முறையான தீர்வுகள்.

அந்தப் புள்ளி சமவெளியிலோ கடற்கரையிலோ இருந்தால், காலப்படியின் மீது கைவைக்கும் முன் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். நிலம் எது, கடல் எது என்பதில் இரண்டு தரவுகள் முரண்படும்போது, சிறு தீவொன்றின் மண் வெப்பநிலை பூஜ்ய கெல்வினாக, அதாவது மைனஸ் 273 பாகை செல்சியஸாக, மாதிரிக்குள் நுழைந்துவிடுவதுண்டு. அதிலிருந்து பொருளற்ற ஒரு கணக்கு பிறக்கிறது. அதன் விடையைக் கணினி ‘நான்’ (NaN) என்று, அதாவது எண் அல்லாதது என்று குறிக்கிறது. 1985இல் வெளியான மிதவைப்புள்ளி எண்களுக்கான தரநிலையின்படி, இந்த ‘நான்’ தோன்றிய உடனே நிரல் நின்றுவிட வேண்டியதில்லை. அது தொடும் ஏறக்குறைய எல்லாக் கணக்கும் ‘நான்’ ஆகிக்கொண்டே போக, பக்கத்துப் பெட்டிகளுக்கும் பரவுகிறது. கடைசியில் கதிர்வீச்சைக் கணக்கிடும் துணைநிரல், வெப்பநிலையை வைத்து அட்டவணையில் ஒரு வரிசையைத் தேடும்போது, அந்த ‘நான்’ அட்டவணையிலேயே இல்லாத வரிசை எண்ணாக மாறி, நிரல் அங்கே விழுகிறது. குற்றம் கதிர்வீச்சின் மீது விழும். கெட்டுப்போனதோ தீவின் மண்.

பிழை பிறந்த இடத்துக்கும் நிரல் விழுந்த இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதற்கான வழிகள், மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலரிலேயே இருக்கின்றன. எண்வரிசையின் எல்லையை மீறும் முதல் கணத்திலும், ‘நான்’ பிறக்கும் முதல் கணத்திலும் நிரலை நிறுத்தி, மூலநிரலின் வரி எண்ணைச் சொல்லும்படி மாதிரியை மறுபடி கட்டமைக்க முடியும். அப்படிக் கட்டமைத்த மாதிரி மிக மெதுவாகவே ஓடும் என்பதால், விழுகைக்குச் சற்று முன்னர் சேமிக்கப்பட்ட மறுதொடக்கக் கோப்பிலிருந்து ஓட்டுவதே நடைமுறைக்கு ஏற்றது. ஒவ்வொரு முறையும் மாதிரியின் கடிகாரத்தில் அதே நேரத்தில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் எண்களில் இருக்கிறது. வெவ்வேறு நேரங்களில் விழுந்தால் நினைவகக் கசிவு, வலையமைப்பு, வன்பொருள் ஆகியவற்றின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

உள்ளீட்டின் குறை எவ்வளவு பெரிய பிழையாக வளரும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. 1910 மே 20ஆம் நாளுக்கான ஐரோப்பிய வானிலையைக் கையாலேயே கணக்கிட்ட அவருக்கு, 6 மணிநேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டாபாஸ்கல் உயரும் என்ற நம்பமுடியாத விடை கிடைத்தது. அவருடைய சமன்பாடுகள் அடிப்படையில் சரியானவை என்பதையும், தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே காரணம் என்பதையும் வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச் பின்னாளில் மறுகணக்கிட்டு நிறுவினார். ரிச்சர்ட்சன் அந்த விடையை மறைக்காமல் அச்சிட்டதனால்தான் அந்த ஆய்வு இயன்றது.

எனவே, விழுந்தவுடன் காலப்படியைப் பாதியாக்கு என்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை ஆபத்தானது. கெட்ட உள்ளீட்டோடு காலப்படியைக் குறைத்தால், மாதிரி சில மணிநேரம் தாமதமாக விழலாம். அதைவிடக் கேடாக, விழாமலேயே முடிந்து, உறைந்த தீவொன்றைச் சுற்றி உருவான மழை வரைபடத்தை ஆராய்ச்சிக் கட்டுரைக்கோ வெள்ள எச்சரிக்கைக்கோ அனுப்பி வைக்கலாம். காலப்படியைத் தொடும் முன் முதல் மணிநேர வெளியீட்டைத் திறந்து, மண் வெப்பநிலையின் மிகக் குறைந்த மதிப்பைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.